ஓலை வாசித்த ஞாயிறும் ஓர் இங்கிலீஷ் வார்த்தையும்

அருப்புக்கோட்டையில் நான் ஆங்கில ஆசிரியர். எண்பதுகளின் கடைசியில் என் தங்கை ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க வந்தவரின் பேச்சில் வீடே சொக்கிப்போனது. "இப்படிப்பட்டவுகளை இங்கிலீசுல 'ஸ்வாவ்'னு சொல்லுவாக. இதமாப் பழகத் தெரிஞ்சவுகன்னு அர்த்தம்" என்று அவளிடம் பெருமையடித்தேன்.

மாதா கோயில் பூசையில் கல்யாண ஓலையை, அதாவது கல்யாண அறிவிப்பை, மூன்றாம் முறை வாசித்த ஞாயிறு, நரிக்குடிப் பெண் ஒருத்தி என்னைத் தேடி வந்தாள்.

"உங்க மாப்பிள்ளை எங்கிட்டயும் இதே பேச்சுத்தான் சார். கட்டிக்கிறேன்னு சொல்லி, விட்டுட்டுப் போயிட்டாக."

கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லத்தான் ஓலை வாசிப்பதே. நானோ அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

கல்யாணமான ஆறே மாதத்தில் மாப்பிள்ளை வேறொருத்தியோடு போய்விட்டார். எங்கள் வேதத்தில் புருஷன் உயிரோடு இருக்கும்வரை ஸ்டெல்லாவுக்கு மறுகல்யாணம் கிடையாது. அகராதியைப் பிரித்து அந்த 'ஸ்வாவ்'வைத் தேடினேன். 'உள்ளே உண்மை இல்லாமலும் இருக்கலாம்' என்று, நான் சொன்ன அர்த்தத்துக்கு அடுத்த வரியிலேயே இருந்தது.

"நல்ல வார்த்தைன்னுதானண்ணே சொன்ன?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

பத்து வருடமாகிறது. இப்போதெல்லாம் வகுப்பில் எந்த வார்த்தைக்கும் அகராதியின் அடுத்த வரியையும் சேர்த்தே வாசித்துக் காட்டுகிறேன்.