சாந்தா எனக்குச் சொன்ன படம்

என் மனைவி சாந்தாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எந்தப் படத்துக்குப் போனாலும் நான்தான் அவளுக்குக் கையால் கதை சொல்வேன்.

எண்பதுகளில் திருத்தணிப் பள்ளிக்கூடம் ஒன்றில் பழைய வெளிநாட்டுப் படம் போட்டார்கள். வேற்றுக் கிரகத்துக்குப் பறந்துபோகிறவர்களின் கதை, பேச்சே கிடையாது. நாடு நாடாகத் தேடிய துண்டுகளை ஒட்டிச் செப்பனிட்ட படம் என்றார், மெட்ராசிலிருந்து அதைக் கொண்டுவந்தவர்.

நடுநடுவே இங்கிலீஷ் எழுத்து வந்தது. "இன்னாபா இது, ஒண்ணும் புரியல!" என்று பலர் எழுந்து போனார்கள். பாதியில் பிலிம் அறுந்ததும் மிச்சப்பேரும் கிளம்பினார்கள். சாந்தா மட்டும் நேராகப் படம் கொண்டுவந்தவரிடம் போய், ஓட்டுங்கள் என்று கையைச் சுழற்றிக் காட்டினாள்.

"அவளுக்குக் காது கேக்காதுங்க," என்றேன்.

"அதனால இன்னாங்க? ஒருத்தர் பாத்தாலும் ஓட்டுவேன். குந்தச் சொல்லுங்க."

பிலிமை ஒட்டி, எங்கள் இருவருக்காக முடிவுவரை ஓட்டினார்.

எங்கள் ஊர் பொதட்டூர்பேட்டை வரும்வரை பஸ்ஸில் சாந்தாவின் கை ஓயவில்லை. அந்தக் கிரகத்தில் தனியாக நின்றுவிட்டவன் ஏன் திரும்பவில்லை என்று, எனக்குப் புரியாத இடமெல்லாம் விளக்கிக்கொண்டே வந்தாள். இத்தனை வருஷம் எங்கள் வீட்டில் நான் மட்டுமே பேசிக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது.

படம் ஓட்டியவர் பேரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கிருந்தாலும் அவர் நன்றாக இருக்கட்டும்.