டிவியில் தெரிந்த ஆறாவது வரி

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் சிரிப்பவள் நான். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள், இது பட்டப்பகலில் நடந்தது.

ஊரப்பாக்கத்தில் எங்கள் நிலத்தில் எழுந்த அப்பார்ட்மெண்ட், சங்கத்துக்கு நான்தான் தலைவி. எனக்கு நம்பர் தெரியும், படிக்கத் தெரியாது. அது ஒருவருக்கும் தெரியாது, கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்த ஸ்டெல்லா டீச்சரைத் தவிர. கதவைச் சாத்திக்கொண்டு எனக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தவள் அவள். ஒருநாள் லிஃப்டில் நாலு பேர் எதிரே, "சாயங்காலம் நோட்டோட வாங்கம்மா" என்றுவிட்டாள். இன்று நோட்டு என்றவள் நாளைக்கு முழுவதையும் சொல்லிவிடுவாள் என்று எனக்குப் பயம்.

கூட்டத்தில் பேசப்போவதைச் செயலாளர் சுரேஷ் நம்பர் போட்டு வரிவரியாக ஒரு ஆப்பில் போடுவான். ஓனர்களுக்கு அதில் எல்லா வரியும் தெரியும். வாடகைக்காரர்கள் கெஸ்ட், அவர்களுக்குத் திறந்துவிட்ட வரி மட்டும்தான் தெரியும். டீச்சர் வீட்டில் டியூஷன் கூடாது என்று ஐந்தாவதாகப் போடச் சொன்னேன். பிள்ளைகளின் சைக்கிள் வழியை அடைக்கிறதாம், சாக்கு. டியூஷன்தான் அவளுக்குச் சோறு, தெரிந்தேதான் சொன்னேன்.

"அது மட்டும் கெஸ்ட் கண்ணுல படவேணாம் தம்பி."

"மறைச்சிட்டேன்மா, பாருங்க" என்று போனை நீட்டினான். படித்தவள் மாதிரி தலையாட்டினேன்.

ஞாயிறு காலை கூட்டம். விஷயம் தெரியாத டீச்சர் சர்ச்சுக்குப் போய்விட்டாள். ஆப்பில் போட்ட ஐந்து வரியும் சுவர் டிவியில். ஐந்தாவதற்குக் கை தூக்கச் சொன்னபோது, கீழே ஆறு என்று ஒன்று வந்தது. எழுத்துக் கூட்டவே தெரியாத நான் அதைக் கடகடவென்று படித்தேன், கேளுங்கள்: 'பரவாயில்லம்மா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.' முதல் நாள் நோட்டைத் திறந்தபோது டீச்சர் என் கையைப் பிடித்துச் சொன்ன அதே வார்த்தை.

ஆறாவது என்னப்பா என்று கேட்டேன்.

"அஞ்சோட முடிஞ்சுதேம்மா. கண்ணாடி மாத்தணும் போல" என்றான் சுரேஷ். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கை தூக்கினேன். நான் தூக்கினேன் என்று எல்லோரும் தூக்கினார்கள். டீச்சர் அந்த மாதமே கூடுவாஞ்சேரிப் பக்கம் போய்விட்டாள். சாவி கொடுக்க வந்தபோது சுரேஷும் நின்றான், என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற மருமகளுக்கே என் படிப்பு இன்றுதான் தெரியும். வீட்டை மகன் பேருக்கு மாற்றியாகிவிட்டது. இப்போது ஆப்பில் நானும் கெஸ்ட்தான், மறைத்தது எதுவும் எனக்குக் காட்டாது. தாம்பரத்தில் பஸ் போர்டு இன்றும் எனக்குக் கோலம்தான். ஆனால் என் போனில் ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் கடைசி நம்பருக்குக் கீழே அந்த வரி நிற்கிறது. அதை மட்டும் படிக்க முடிகிறது.