வேப்பங்குச்சியில் கோத்த இறால்

எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்குச் சமைக்கவும் தெரியும் என்பது கல்யாணமாகி மூன்றாம் மாதம்தான் எங்களுக்குத் தெரியவந்தது. திருச்சியில் பிறந்து வளர்ந்தவர். செல்போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டால் போதும், மனிதருக்குக் கை துறுதுறுக்கும். தங்கையும் அவரும் விடுமுறைக்கு வந்திருந்தார்கள் என்று நான் காலையிலேயே ஜெகதாப்பட்டினம் போய் இரண்டு கிலோ இறால் வாங்கி வந்தேன். அம்மா தொக்கு வைப்பதாக இருந்தாள்.

"தொக்கெல்லாம் பழசு அத்தை. மசாலா தடவி, குச்சியில கோத்து, தோசைக்கல்லுல பொரட்டுனா பத்தே நிமிஷம்" என்றார் மாப்பிள்ளை.

அம்மா முக்கால் மணி நேரம் குனிந்து உட்கார்ந்து ஓடு உரித்ததும், முதுகு நரம்பை உருவியதும், மஞ்சள் போட்டு அலசியதும் அந்தப் பத்து நிமிடத்தில் சேராது. வீடியோவில் இறால் ஓடில்லாமலேதான் கடலில் நீந்துகிறது போல. மிளகாய்த்தூள், மிளகுத்தூள், இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு என்று அவர் கேட்கக் கேட்கத் தங்கை எடுத்துக் கொடுத்தாள். பிசைந்தது மட்டும் அவர். அதற்கே வியர்த்துவிட்டது, ஃபேனைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார்.

கோக்கக் குச்சி இல்லை. "தென்னை ஈர்க்கு சீவித் தரட்டுங்களா தம்பி?" என்று அம்மா கேட்டாள்.

"அய்ய, வெளக்குமாத்துக் குச்சிலயா?" என்று முகத்தைச் சுளித்தவர், கொல்லைக்குப் போய் வேப்பமரத்தில் நாலு கொப்பை ஒடித்து வந்தார். பல் துலக்குகிற குச்சியில் இறாலைக் கோக்கிற அறிவு டவுன்காரருக்குத்தான் வரும்.

"அது கசக்குங்க" என்றாள் தங்கை.

"தோலச் சீவிட்டா கசக்காது. ஒனக்கு என்ன தெரியும், சும்மா இரு."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தங்கை என்னைப் பார்த்தாள். ஆமாம் மாப்ள, கசக்கும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பேச்சுக்கு அந்த இடத்தில் ஒரு மதிப்பு இருந்திருக்கும். நானோ கத்தியைத் தேடி எடுத்துவந்து மாப்பிள்ளைக்குக் குச்சி சீவிக் கொடுத்தேன்.

பச்சைக் குச்சியில் கோத்து அரை மணி நேரம் ஊறவைத்தார். அதுவும் பத்து நிமிடக் கணக்கில் வராது. தோசைக்கல்லில் புரட்டியபோது வாசனை நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. வாயில் வைத்ததும் முதலில் மிளகுக் காரம் தெரிந்தது. பிறகு தொண்டை வரைக்கும் வேம்பு.

ரசத்தில் உப்பு ஒரு கல் கூடினாலும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிற அப்பா, "புது மாதிரியா இருக்கு" என்றார். அம்மா இன்னொரு குச்சி கேட்டு வாங்கினாள். நான் "சூப்பர் மாப்ள" என்றதோடு விடாமல் கட்டைவிரலை வேறு தூக்கிக் காட்டினேன். மாப்பிள்ளை கொடுத்தால் வேம்பும் வெல்லம். நாங்களும் ஒரு குடும்பம், தூ!

அவர் தங்கையின் பக்கம் திரும்பினார். "பாத்தியா? கசக்குமாம்ல, கசக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவள் தன் பங்கைத் தின்று முடித்துவிட்டுத் தட்டுகளை அடுக்கினாள்.

கொல்லைக் குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

"அண்ணே, கசந்துச்சா இல்லையா?"

"கசந்துச்சுதான். மாப்ள மனசு கோணக் கூடாதுல்ல."

குழாயை மூடினாள். "கல்யாணத்துக்கு முன்னாடி அவுகளப் பத்தி விசாரிச்சுட்டு வரச் சொல்லி ஒன்னயத்தான அனுப்புனாக. அப்பவும் இப்படித்தான் சூப்பர்னு வந்து சொன்னியா?"

விசாரிக்கப் போன அன்று, அவர்கள் தெரு மளிகைக் கடைக்காரர், "நல்ல பையந்தாங்க. ஆனா வீட்டுப் பொம்பளைங்க பேச்ச மட்டும் மதிக்க மாட்டாரு" என்றார். அதில் முதல் பாதியை மட்டும்தான் நான் வீட்டில் வந்து சொன்னேன்.