கிணற்று மேட்டில் நான் பேசிய பேச்சு

ஓடாத மோட்டாரிலிருந்து கிரீஸ் வாசம் வந்துகொண்டிருந்த அந்தக் கிணற்று மேட்டில் அப்பா இருந்தார், சித்தப்பா இருந்தார், ஊர்ப் பெரியவர் ஒருவர் இருந்தார், நாமக்கல்லில் புகுமுக வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நானும் இருந்தேன். அண்ணன் தம்பி சண்டையைப் பார்க்க மாட்டேன் என்று அம்மா மட்டும் வரவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கைநாட்டுத்தான் என்பதால், கையெழுத்து மட்டும் போடப் பழகியிருந்த சித்தப்பாவின் பேரில் பொதுக் கிணற்றுக்குக் 'கரண்டு சர்வீசு' வாங்கி, ஆளுக்கொரு நாள் 'மொறை' வைத்துப் பாய்ச்சி வந்தார்கள். அந்தக் கோடையில் சித்தப்பா, சர்வீசு தன் பேரில் இருப்பதால் மோட்டாரும் தன்னதே என்று மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டார். எங்கள் கரும்பு காய்ந்துகொண்டிருந்தது.

அதே மாதம் கல்லூரியில் ஓர் ஆங்கில நாடகம் பாடமாக இருந்தது. தம்பியை நம்பி நாட்டை இழந்த அண்ணன், அந்தத் தம்பியை எப்படி வருணிக்கிறான் என்பது பரீட்சைக்கு வரும் கேள்வி. நான் நாடகத்தைப் படிக்கவில்லை. நோட்ஸில் வரிசையாகக் கொடுத்திருந்த வசைச் சொற்களை மனப்பாடம் செய்திருந்தேன்.

"உன்ற தம்பி என்ன பண்டுனான்னு நீயே சொல்லப்பா. மோட்டார ரெண்டா அறுத்துக் குடுக்க என்னால ஆகாது" என்றார் பெரியவர்.

"அவன மட்டும் சொல்றதுக்கில்லீங்க. சர்வீசு எழுதறப்ப, எல்லாம் நீயே பாத்துக்கடான்னு நாந்தான் உட்டுப்போட்டேன். ரெண்டு பேரும் எறங்கி வெட்டுன கெணறுங்க" என்றார் அப்பா.

சித்தப்பா தலையைத் தொங்கப்போட்டார். சாவி செருகியிருந்த இடுப்புக்கு அவர் கை போனதை நான் பார்த்தேன். பார்த்தும், அப்பாவுக்குப் பேசத் தெரியவில்லையே என்ற வெட்கத்தில் எழுந்து, "அண்ணனின் நம்பிக்கையைத் தின்று கொழுத்த துரோகி, உடன்பிறந்த நஞ்சு" என்று மேடைத் தமிழில் பொழிந்துவிட்டேன்.

சித்தப்பாவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. "தொரை பேசறத கேட்டுக்கிட்டீங்களா? இந்தப் பேச்சுக்குக் கோர்ட்டுதானுங்க சரி. நான் வாரேன்" என்று துண்டை உதறிவிட்டு நடந்தார்.

"ஏஞ்சாமி, உன்னய ஆரு கேட்டா?" என்றார் அப்பா.

பரீட்சைக்கு முந்தின வாரம்தான் நாடகத்தை அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். அந்த அண்ணன் தம்பியைத் திட்டத்தான் செய்கிறான். ஆனால் அதைச் சபையில் கொட்டாமல் தன் மகளிடம் தனியே சொல்கிறான். அதிகாரத்தைத் தம்பி கையில் விட்டுவிட்டு நாம் வேறு வேலை பார்த்தோமே என்ற தன் பங்கையும் சேர்த்தே சொல்கிறான். நோட்ஸ் எழுதியவர் விட்டுவிட்ட அந்தப் பாதியை, எழுத்தே அறியாத என் அப்பா கிணற்று மேட்டில் சொல்லி முடித்திருந்தார். நான் குறுக்கே விழாமல் இருந்திருந்தால் சாவி அன்றைக்கே வெளியே வந்திருக்கும்.

அந்தக் கேள்வியே பரீட்சையில் வந்தது. நல்ல மதிப்பெண் வாங்கினேன் என்பதைச் சொல்லவே கூசுகிறது.

வழக்கு நாமக்கல்லிலும் சேலத்திலுமாக ஏழு வருஷம் நடந்து, போன மாசியில்தான் இரு தரப்பும் சமாதானமாகி ராசியில் முடிந்தது. திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் வந்து சுற்றிலும் போர் போட்ட பிறகு கிணற்றில் தண்ணீரே இல்லை; கரும்பு போட்ட இடத்தில் வேலிக்காத்தான் நிற்கிறது. வக்கீல் செலவுக்கென்று அப்பா விற்றது ஒரு ஏக்கர், சித்தப்பா விற்றது முக்கால். ஆக மொத்தம் ஒன்றேமுக்கால் ஏக்கர்.