இரண்டாவது காது

ஆண்டிமடத்தில் என் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. கோயில் மண்டபம் இருட்டாக இருந்ததால், என் பழைய டிஜிட்டல் கேமராவுக்குத் துணையாகத் தனி ஃப்ளாஷ் ஒன்றை ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தேன். கேமராவின் சிறிய ஃப்ளாஷ் மின்னினால், அதைப் பார்த்து இதுவும் மின்னும்.

வலது காது குத்தியபோது இரண்டும் மின்னின. ஆனால் படம் ஒரே இருட்டு. அண்ணி எட்டிப் பார்த்து, "புள்ள மொகமே தெரியலயே" என்றார். எல்லார் கண்ணும் கூசிய வெளிச்சம் படத்தில் மட்டும் எங்கே போனது?

இடது காதுக்குக் கம்பியை எடுத்த ஆசாரிதான் சொன்னார்: "தம்பி, சின்ன லைட்டு ரெண்டு தடவ மின்னுது. பெருசு மொத தடவையோட அடங்கிடுது."

வியூஃபைண்டரில் கண் வைத்திருந்த எனக்கு ஒரு மின்னல்தான் தெரிந்தது. வெளிச்சத்தை அளக்கக் கேமரா முன்கூட்டியே ஒருமுறை மின்னுவது அப்போதுதான் உறைத்தது. பெரிய ஃப்ளாஷ் அதிலேயே தீர்ந்துபோயிருக்கிறது.

"சித்த இருங்க" என்று சொல்லி, கேமரா ஃப்ளாஷை ஒரே தடவை மட்டும் மின்னும்படி மேனுவலுக்கு மாற்றினேன். இடது காது அழுகையோடு படத்தில் பளிச்சென்று விழுந்தது.

இப்போதெல்லாம் விசேஷம் தொடங்குமுன் ஒரு படம் எடுத்து, எதிரே இருப்பவரிடம் "எத்தன தடவ மின்னுச்சு?" என்று கேட்டுவிடுகிறேன். அன்று காதுகுத்து என்பதால் தப்பித்தேன். மூக்குகுத்தாக இருந்திருந்தால், இரண்டாவது மூக்குக்கு எங்கே போவது?