துடுப்புக்கு எங்கிருந்து கனம் வருகிறது?

ஒரு பானை அக்கானியை, அதுதான் பதநீரை, நான் ஒருத்தனாக நின்று கிண்டிக் கருப்பட்டி ஆக்கினேன். வேறு கை படவில்லை. போன வாரம் கொட்டாரம் சாயாக்கடையில் இப்படித்தான் சொன்னேன். நாலு பேர் வாய் பிளந்தார்கள்.

பொய். வேறு கை படவில்லை என்பது மட்டும் நிஜம். ஆனது கருப்பட்டி இல்லை... கரி.

எனக்கு எழுத்து வராது என்பது இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல, எங்கள் வேதக்கோயில் உபதேசியார் எழுதுகிறார். என் பேச்சைச் சலவை செய்து போடுவதும் அவர்தான். கரியை மட்டும் அவராலும் வெளுக்க முடியவில்லை.

நான் பனையேறி. காலையும் மாலையும் ஏறி அக்கானி இறக்குவேன். அதோடு என் வேலை முடிந்தது. காய்ச்சுவது வீட்டுக்காரி அன்னபாக்கியம். அடுப்பில் ஏற்றினால், அது இறுகிக் கூப்பனி என்கிற பாகாகித் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றுகிற வரைக்கும் கிண்டுகிற துடுப்பை விடக்கூடாது. விட்டால் அடிபிடிக்கும். எங்கள் பக்கத்து ஆண்களுக்கு இதில் ஒரு கணக்கு உண்டு — ஏறுவது வேலை, கிண்டுவது சும்மா நிற்பது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்படும்போது பார்க்கிறேன். அன்னபாக்கியம் சீப்பைப் பிடித்திருக்கிறாள். கை காதுக்கு மேலே போகவில்லை. தலையைக் குனிந்து குனிந்து கைக்குக் கொண்டுவருகிறாள். நான் சும்மா இருப்பேனா? கோயிலில் போய்க் கும்பிட வேண்டியதை வீட்டிலேயே கும்பிட்டாயிற்றா என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. என் அறுவைக்கெல்லாம் சிரிக்கிற ஒரே ஆள் அவள்தான்.

கொட்டாரத்து வைத்தியரிடம் கூட்டிப் போனேன். கையைப் பிடித்துப் பார்த்தார். வேலை கொடுக்காமல் ஆறப் போடாவிட்டால் இந்தக் கை இப்படியே நின்றுவிடும் என்றார். பனைக்காலம் முடிய இன்னும் எவ்வளவோ கிடக்கிறது. அக்கானி ஆறுமா? ஒரு பொழுது தாண்டினால் புளித்துப் போகும்.

சரி, நான் கிண்டுகிறேன் என்றேன். பனை ஏறுகிற தோள் இது!

முதலில் துடுப்பு விசிறி மாதிரி இருந்தது. பாட்டெல்லாம் பாடினேன். கொஞ்ச நேரத்தில் உலக்கையானது. அப்புறம்... யாரோ அதைப் பிடித்துக்கொண்டு அடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அதே துடுப்புதானே? எங்கிருந்து வந்தது இவ்வளவு கனம்? பக்கத்து விளை செல்லத்தாய் வந்து ஊர்க்கதை பேசினாள். கனம் தெரியவில்லை. அவள் போனாள். கனம் ரெட்டிப்பாகத் திரும்பி வந்தது. அது கையில்தான் இருந்ததா, தலையிலா?

நுரை பொங்கியது. பொங்கினால் இடித்த ஆமணக்கு விதை ஒரு சிட்டிகை போட வேண்டும். அடங்கிவிடும். நான் ஒரு பிடி போட்டேன். பானை அப்படியே அடங்கியது. ஆகா, இனி இது கிண்டாமலே கிடக்கும் என்று நினைத்து உட்கார்ந்தேன். அடங்கியது மேலே இருந்த நுரை மட்டும். அடியில் இருந்தது வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. கருகல் வாசம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்னபாக்கியம் திட்டவில்லை. இடது கையால் பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இத்தனை காலமும் கை ஓய்ந்தால் என்னைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

“கூப்பிட்டா பனையில இருந்து எறங்கியா வருவீரு?”

“அப்ப வலிக்குன்னாவது சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா இன்னும் கனக்கும். சொல்லாம இருந்தா, கிண்டுகது வேற யாரோன்னு நெனச்சுக்கிடலாம்.”

பனை உச்சியில் இருந்து பார்த்தால் எங்கள் வீட்டு அடுப்புப் புகை தெரியும். புகை வருகிறது, அவள் நிற்கிறாள், எல்லாம் சரி என்று இறங்கி வருவேன். புகையில் கைவலி தெரியுமா என்ன?

இப்போது ஓர் ஏற்பாடு. ஆளுக்குப் பாதி. கை ஓய்ந்த உடனே கூப்பிட வேண்டும், வைராக்கியம் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து ஒரு தடவைகூட அவள் கூப்பிடவில்லை. நானாகப் போய்த் துடுப்பைப் பிடுங்கினால்தான் உண்டு. இன்றைக்கும் அவளாகவே தொடங்கிவிட்டாள். உபதேசியாருக்கு இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு காதை அடுப்படியில்தான் வைத்திருக்கிறேன். துடுப்புச் சத்தம் மெதுவாகிக்கொண்டு வருகிறது...

ஆகையினால் ஆண்மக்களே, உங்களுக்கு நான் சொல்ல வருவது என்னவென்றால் —

“ஓய்... கையி ஓஞ்சு போச்சு. இஞ்ச வாரும்.”

கூப்பிட்டுவிட்டாள்! உபதேசியாரே, பேனாவை மூடும்.