அக்கா பேசுவாள்

ஊரில் அவருக்குச் 'சமாதானம்' என்றே பெயராகிவிட்டது. முதலில் கிண்டலுக்கு வைத்ததுதான். லாரிப் பட்டறையில் கிரீஸ் கையோடு நின்ற மனுஷன், வெட்டிக்கொண்டு சாகிற இரண்டு பேட்டை ஜனங்களையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறேன் என்று கிளம்பினால் வேறென்ன செய்வார்கள்? ஆனால் உட்கார வைத்துக் காட்டினார். அதற்கு அவர் கையில் இருந்த வழி ஒன்றே ஒன்று. அக்காவை அழைத்துப் போவார்.

அக்காவின் ஒரே மகனை அந்தப் பேட்டைக் கலவரத்தில் நடுத்தெருவில் வைத்துக் கொன்றுவிட்டார்கள். தாய்மாமனான இவர் அதன்பிறகுதான் பட்டறையை மூடிவிட்டு அமைதிக் குழுவில் சேர்ந்தார். அக்காவைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். கூட்டத்தில் இரு தரப்பும் எகிறத் தொடங்கினால், "அக்கா, நீ பேசுக்கா" என்பார். மகனுக்கு மாற்றுச் சட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதையும், அங்கே அதை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் நின்றதையும் அவள் சொல்வாள். கத்தி தூக்கியவனும் தலையைக் குனிந்துகொள்வான். அடேயப்பா, அதென்ன சாமானியப் பேச்சா! அதனால் வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அக்காதான் பேச வேண்டும் என்றாகிவிட்டது.

இப்படி இருக்கையில், அமைதிப் பணி செய்கிறவர்களைப் பல ஊர்களிலிருந்தும் கூட்டி ஒரு பயிற்சி நடத்தினார்கள். கழுத்தில் அட்டை, சுவரெல்லாம் கலர் கலராக ஒட்டுத்தாள், வட்டமாக நாற்காலிகள். முன்பின் தெரியாதவனிடம் போய், 'எனக்குப் பிடித்த நிறம் பச்சை' என்று சொல்லச் சொன்னார்கள். சமாதானத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீ நேரத்தில் ஆளாளுக்கு ஃபோன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள், வாட்ஸ்அப் குரூப் தொடங்கினார்கள். எல்லா ஊர்க் குழுக்களையும் இணைக்க ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வேண்டும் என்று பேச்சு வந்தது.

"நம்ம சமாதானம் அண்ணன் இருக்கும்போது வேற ஆளு எதுக்கு?" என்றார் ஒருவர்.

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த வேகத்தில், "கடைசி நாள் எங்க அக்காவக் கூட்டிட்டு வரேன். கேட்டுப் பாருங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அக்காவிடம் கேட்டாரா? எங்கே கேட்டார்! கேட்கிற பழக்கம் என்றைக்கு இருந்தது? அன்றிரவு வீட்டுக்கு வந்து, "கடைசி நாள் நீ பேசணும்க்கா" என்று சொன்னதோடு சரி.

மறுநாள் மனக்காயத்தைப் பற்றிய வகுப்பு. நடத்திய அம்மாள் அறைக்கதவைச் சாத்தவே விடமாட்டாள். எழுந்து போக நினைப்பவருக்கு வழி தெரிய வேண்டுமாம். அன்று அவள் சொன்னாள்: "நமக்கு அது என்னைக்கோ நடந்து முடிஞ்ச கதை. சொல்றவங்களுக்கு, சொல்லும்போதெல்லாம் திரும்ப நடக்கலாம். அவங்க மேடையில எப்படிப் பேசுறாங்கன்னுதான் நாம பாக்குறோம். வீட்டுக்குப் போய் என்ன பண்றாங்கன்னு என்னைக்காவது பாத்திருக்கோமா?"

அவருக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் அக்கா துவைத்து மடித்த துணியையே வாளியில் போட்டு மறுபடி துவைப்பாள். சோற்றைத் தொடமாட்டாள். "சுத்தக்காரி வேலைய ஆரம்பிச்சுட்டா" என்று கேலி வேறு செய்திருக்கிறார், பாவி மனுஷன். அன்று மிச்ச வகுப்பில் என்ன சொன்னார்கள் என்றே அவர் காதில் விழவில்லை. அக்கா வராவிட்டால் அத்தனை பேர் முன்னாலும் தலைகுனிவு. ஒருங்கிணைப்பாளர் பதவியும் போனாலும் போகும். அதையும் நினைத்தார், நினைக்காமல் இல்லை.

கடைசி நாள் காலை. வழக்கம்போல அக்கா புடவை மாற்றிக்கொண்டு பையோடு நின்றாள்.

"இன்னைக்கு நீ வர வேணாங்க்கா."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஏன்டா? போன தடவ நான் சரியாப் பேசலியா?"

அவருக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. "அய்யோ, அதில்லக்கா. உனக்கு இஷ்டமான்னு நான் ஒரு தடவகூடக் கேட்டதில்லையே."

அக்கா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். "இஷ்டமா? எனக்குக் கொஞ்சங்கூடப் பிடிக்கலடா. அவன் செத்ததத் தவிர வேற எதையாவது யாராச்சும் கேட்டாங்களா? அவன் என்னைப் படுத்தின பாடு, சிரிக்க வச்சது, ஒண்ணாவது?"

"அப்புறம் ஏன்க்கா வந்தே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உனக்காகத்தான் வந்தேன். அவன் போனதுலேருந்து நீ ஒரு சொட்டு அழலடா. அவனத் தோள்ல தூக்கி வளத்தவன் நீ, கல்லு மாதிரி நின்னே. கூட்டம் கூட்டம்னு ஓடுறதுதான் உன்ன நிக்க வச்சிருக்குன்னு நெனச்சேன். நான் வரலேன்னா அதுவும் நின்னு போயிரும், உன்னையும் பறிகொடுத்துடுவேன்னு பயந்து கெடந்தேன்."

அக்காவைக் காப்பாற்றுவதாக இத்தனை காலமும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர்.

பயிற்சி நடக்கிற இடத்திலிருந்து ஃபோன் வந்தது. எடுத்தார்.

"அண்ணே, எல்லாரும் வந்தாச்சு. அக்கா கிளம்பிட்டாங்களா?"

"அக்கா வரல. இனிமே எங்கயும் வந்து பேசமாட்டாங்க."

"என்னண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அவங்களுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்..." என்றார். "எங்க பையன்..." என்று இன்னொரு முறை முயன்றார், வாய்விட்டுக் கதறிவிட்டார். அந்தப் பக்கம், "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அக்கா எழுந்து வந்து அவர் கையிலிருந்த ஃபோனை வாங்கி அணைத்து வைத்தாள். "அழுடா" என்றாள்.